முசுறு ஒரே இனமா? நிறம், தாய்வழி மரபணு, முழு மரபணு: எதை நம்புவது?

பொள்ளாச்சிப் பக்கம் மாமரத்தில் ஏறியவர்களுக்கு முசுறை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுக்கள் விடும் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டும் எறும்பு. இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை இருக்கும் முசுறுக்கெல்லாம் இன்று ஒரே பெயர்தான்: ஈகோஃபில்லா ஸ்மரக்டினா. ஆப்பிரிக்காவில் இருப்பது ஈகோஃபில்லா லாஞ்சினோடா. இன்று உயிரோடு இருப்பவை இந்த இரண்டு இனங்கள் மட்டுமே. இவ்வளவு பரந்த நிலத்தில் ஒரே இனம் என்பது எனக்குப் பெரிய சந்தேகம்.

நிறத்தை வைத்துப் பிரிப்பது பழைய வழி. நம்மூர் முசுறு செம்பழுப்பு, வட ஆஸ்திரேலியாவில் அதன் வயிறு பச்சை. ஆனால் நிறம் ஏமாற்றும். அளவும் அப்படித்தான்: ஒரே கூட்டில் 8 முதல் 10 மி.மீ. நீளமுள்ள பெரிய வேலைக்காரிகளும், அதில் பாதியே உள்ள சின்னவர்களும் இருப்பார்கள். இருந்தாலும் ஊசி குத்திப் பாதுகாத்த மாதிரியை நூறு வருஷம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் 2018இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்த அருமை புரியும்.

அடுத்தது மைட்டோகாண்ட்ரியா மரபணு, அதாவது உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் சிறு உறுப்பில் இருப்பது, தாயிடமிருந்து மட்டுமே வருவது. சோதிக்க எறும்பின் ஒரு கால் போதும், செலவும் குறைவு. ஜப்பானின் அசூமா குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு, மைட்டோகாண்ட்ரியா மரபணுக்களோடு உயிரணுவின் உட்கருவில் உள்ள ஒரு மரபணுவையும் சேர்த்துப் பார்த்து ஆசிய, ஆஸ்திரேலிய முசுறை ஏழு குழுக்களாகப் பிரித்தது. இந்திய முசுறு ஒரு குழு, ஆனால் மேற்கு வங்கத்து முசுறு மட்டும் தென்கிழக்கு ஆசியக் குழுவோடு சேர்ந்துவிட்டது! கண்ணுக்கு எளிதில் எட்டாத பிளவு இது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாய்வழியை மட்டுமே சொல்லும். வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவும் முட்டை வழியாகவே பரவும். அது ஒரு கூட்டத்தில் வேகமாகப் பெருகினால், கூடவே ஒரு தாய்வழியையும் இழுத்துக்கொண்டு போய்ப் படத்தைக் குழப்பிவிடும்.

அதனால் என் ஓட்டு முழு மரபணுவுக்கு, அதாவது எறும்பின் மரபணுத் தொகுதி முழுவதையும் படிப்பதற்குத்தான். இரண்டு குழுக்கள் சந்திக்கும் இடத்தில் கலந்து இனம் பெருக்குகின்றனவா என்பதே கேள்வி, அதற்குப் பதில் சொல்ல மரபணுத் தொகுதிக்குள் ஆயிரக்கணக்கான புள்ளிகளை ஒப்பிட வேண்டும். செலவு அதிகம்தான். ஆனால் ஆண் எறும்புக்கு ஒரே தொகுதி குரோமோசோம் என்பதால் அதைப் படிப்பது சுலபம். முதலில் பார்க்க வேண்டியது மேற்கு வங்க எல்லையை ஒட்டிய பகுதி. நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய், மலையை நம்பி வாழும் பல உயிர்களுக்குத் தடை. தாழ்வான தோப்புகளில் வாழும் முசுறுக்கு அது திறந்த வழியாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. ஆனைமலை அடிவாரத்திலும் பாலக்காட்டிலும் மாதிரி எடுத்தால் தெரிந்துவிடும்.

அப்புறம், மாதிரி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு மரங்களில் நூறு கூடுகள் தெரிந்தாலும், பெரும்பாலும் அது ஒரே ராணியின் குடும்பம். ஒரு தோப்பில் ஐம்பது எறும்பைப் பிடிப்பதைவிட, தள்ளித் தள்ளி இருக்கும் தோப்புகளில் ஒவ்வொன்றாகப் பிடித்து 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். அதே கூட்டிலிருந்து இன்னொன்றை ஊசியில் குத்தி வையுங்கள்.