பழைய டெஸ்க்டாப் திடீரென அணைகிறதா: சூடா, பவர் சப்ளையா?

சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துபோகும் பழைய டெஸ்க்டாப்பில் முதல் சந்தேகம் விழவேண்டியது இரண்டின்மேல்: பிராசஸர் சூடு, பவர் சப்ளை (கணினிக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி). ரேம் கெட்டால் பெரும்பாலும் நீலத்திரை வரும், இல்லையேல் ரீஸ்டார்ட் ஆகும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டுப் புது பவர் சப்ளை வாங்க ஓடாதீர்கள். முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. சூட்டால் அணைந்தாலும் அதே 41தான்.

அணையும் விதத்தைக் கவனித்தால் அதைவிட நிறையத் தெரியும். சூடு என்றால் பிராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துத் தாக்குப்பிடிக்கப் பார்க்கும், ஃபேன் இரைச்சல் ஏறும், அதற்கும் அடங்காதபோதுதான் அணையும். உடனே ஆன் செய்தால் சீக்கிரமே மறுபடி அணையும். ஆறவிட்டால் கூடுதல் நேரம் ஓடும். பவர் சப்ளை கோளாறில் இந்த முன்னறிவிப்பெல்லாம் பெரும்பாலும் இருக்காது. கிராபிக்ஸ் கார்டு திடீரென அதிக கரண்ட் இழுக்கும் நொடியில் பட்டென்று அணையும். சிலவற்றில் பின்பக்க சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்துப் போட்டால்தான் உயிர் வரும்.

சூட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும், அதற்குச் செலவில்லை. வெப்பநிலையைக் காட்டும் எச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, பிராசஸருக்கு முழு வேலை கொடுக்கும் பிரைம்95 மென்பொருளை ஓட்டுங்கள். ஓரிரு நிமிடத்தில் 95, 100 டிகிரி என்று ஏறினால் கூலரை (பிராசஸர்மேல் ஃபேனோடு உட்கார்ந்திருக்கும் பாகம்) பாருங்கள். இன்டெல் 775 சாக்கெட் போர்டுகளில் கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்று, கூலர் ஒருபக்கம் தூக்கிக்கொண்டிருப்பது அடிக்கடி காணும் கோளாறு. பிராசஸருக்கும் கூலருக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருந்தால், அதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். 65 டிகிரியிலேயே அணைகிறது என்றால் பிராசஸர் சூட்டை விட்டுவிடலாம்.

பவர் சப்ளையைச் சோதிப்பது இவ்வளவு சுலபமல்ல. மென்பொருள் காட்டும் 12 வோல்ட் அளவை நம்பவே வேண்டாம். பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் பெரிய இணைப்பியின் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்துப் பார்ப்பது, அது கிளம்புகிறதா என்பதை மட்டும் காட்டும். லோடு (வேலைப் பளு) தாங்குமா என்பதைக் காட்டாது. மல்டிமீட்டர் இன்னும் மேல்: கணினி லோடில் ஓடும்போது மோலெக்ஸ் எனப்படும் நான்கு வயர் இணைப்பியில் மஞ்சள் வயர் 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள்ளும், சிவப்பு வயர் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள்ளும் இருக்கவேண்டும். எல்லை தாண்டினால் கோளாறு உறுதி. சரியாக இருந்தாலோ எதுவும் உறுதியில்லை, ஏனென்றால் மில்லிசெகண்ட் அளவுச் சரிவு மீட்டரின் கண்ணில் படாது. ஆகவே தீர்ப்புச் சொல்லத் தகுந்தது ஒன்றே: நன்றாக ஓடும் வேறொரு பவர் சப்ளையை மாட்டிப் பார்ப்பது. வாட் குறையக்கூடாது, பிராசஸருக்கான 4 அல்லது 8 பின் இணைப்பு பொருந்தவேண்டும். சில பிராண்டட் கணினிகளில் பின் அமைப்பு வேறு. சரிபார்க்காமல் மாட்டினால் போர்டு போய்விடும். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் தங்கியிருக்கும்.

இரண்டுமே தேறிவிட்டால் முன்பக்கப் பவர் பட்டனைச் சந்தேகியுங்கள். உள்ளே சிக்கிக்கொண்ட பட்டன், நான்கு நொடி அழுத்திப் பிடித்ததற்குச் சமமாகி, கணினியை அணைத்துவிடும். ஆன் செய்தபின் அதன் இரண்டு பின் வயரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு ஓடவிடுங்கள். அப்படியும் அணைந்தால் பிராசஸரைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களை (சிறு உருளை வடிவ மின் பாகங்கள்) பாருங்கள்: தலை உப்பியோ கசிந்தோ இருந்தால், அவற்றை மாற்றவேண்டும், அல்லது போர்டையே மாற்றவேண்டும்.