விடுதியா, பிரிக்பீல்ட்ஸா, கொண்டோவா? கோலாலம்பூருக்குப் படிக்க வருபவர் எங்கே தங்கலாம்

மலாயாப் பல்கலைக்கழகத்திலோ அதைச் சுற்றியுள்ள கல்லூரிகளிலோ இடம் கிடைத்ததும், தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது தங்குமிடத்தைப் பற்றித்தான். வழி மூன்று: வளாக விடுதி, தமிழர் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஓர் அறை, நாலைந்து பேர் சேர்ந்து எடுக்கும் கொண்டோ என்னும் அடுக்குமாடி வீடு. முதல் இரண்டிலும் நானே இருந்திருக்கிறேன். கொண்டோவில் இருந்த நண்பர்கள் பலர். மூன்று நான்கு வருடம் இளங்கலை படிக்க வருகிறவர் முதல் வருடத்தை விடுதியில்தான் கழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெற்றோர் பலர் இதை ஏற்பதில்லை. அவர்கள் மனம் பிரிக்பீல்ட்ஸில்தான் நிற்கிறது.

அதில் நியாயமும் இருக்கிறது. கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் இறங்கித் துன் சம்பந்தன் சாலைக்குள் நுழைந்தால் பூக்கடை, புடவைக்கடை, இட்லி, வாழை இலைச் சாப்பாடு எல்லாம் வரிசையாக வரும். 2010-இல் அரசு இதை லிட்டில் இந்தியா என்று திறந்து வைத்தது, ஆனால் தமிழர் குடியிருப்பு அதைவிட மிகப் பழையது. ரயில்வே வேலைக்கு வந்தவர்கள் வாழ்ந்த பகுதி இது. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் இலங்கைத் தமிழர் எழுப்பியது. கடையில் உட்கார்ந்தால் "என்ன தம்பி, புதுசா வந்திருக்கீங்களா?" என்று கேட்க ஓர் அண்ணன் இருப்பார். காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தர ஓர் அக்கா கிடைப்பார். டெங்கு ஆண்டு முழுதும் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயமல்ல.

போக்குவரத்தும் எளிது. கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா ரயில் தடத்தில் நான்காவது நிலையம் யுனிவர்சிட்டி, அங்கிருந்து வளாகத்துக்குப் பேருந்து. ஆனால் மாதம் 50 ரிங்கிட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணிக்கும் மை50 அட்டை மலேசியக் குடிமக்களுக்கு மட்டும்தான். நாம் ஒவ்வொரு பயணத்துக்கும் காசு கொடுக்க வேண்டும். வாடகைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைவீட்டு மாடியைப் பலகையால் தடுத்துச் செய்த அறைகள் பல, சிலவற்றில் ஜன்னலே கிடையாது. பிற்பகலில் இடியோடு மழை கொட்டும் இந்த ஊரில் காற்று புகாத அறையில் துணி காயாது, தோல் செருப்பில் பூஞ்சை ஏறும். வாடகை குறைவு என்று நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். இன்னொன்று, பழக்கமான கடைகளில் மாலை வேலைக்குக் கூப்பிடுவார்கள். மாணவர் விசாவில் இருப்பவர், ஏழு நாளுக்கு மேற்பட்ட விடுமுறையில் மட்டும், வாரம் 20 மணி நேரத்துக்குள், அதுவும் கல்லூரி வழியாகக் குடிநுழைவுத் துறையின் அனுமதி வாங்கிய பிறகே வேலை செய்யலாம். அன்போடு கூப்பிடுகிறார்களே என்று போய் விசாவை இழந்துவிடக் கூடாது.

என் பெரிய தயக்கம் வேறு. காலை இட்லியிலிருந்து இரவுச் சாப்பாடு வரை தமிழிலேயே முடிந்துவிடும். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும். இந்த நாட்டோடு பேச மலாய் வேண்டும், அது காதில் விழவே விழாது. நாட்டின் மக்கள்தொகையில் இந்தியர் நூற்றில் ஏழு பேர் அளவுதான். மற்றவர்களை ஒருமுறையேனும் வீட்டளவில் தெரிந்துகொள்ளாமல் பட்டத்தோடு திரும்புவது எனக்குப் பெரிய இழப்பாகவே தெரிகிறது.

விடுதியில் வசதி குறைவுதான். அறைக்கு இருவர், தலைக்கு மேல் மின்விசிறி, அறையில் சமைக்கத் தடை, வெளியாள் வந்து தங்கத் தடை. உணவகத்தில் பெரும்பாலும் மலாய்ச் சமையல். கங்கோங் கீரையில்கூட பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும், நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றின் சம்பலில் நெத்திலி இருக்கும். கடும் சைவக்காரரை நான் விடுதிக்குப் போகச் சொல்வதில்லை, பிரிக்பீல்ட்ஸுக்கே போங்கள் என்பேன். ஒரு வருட முதுகலைக்கு வருபவருக்கும் அதையே சொல்வேன், அவர்களுக்கு நேரம் போதாது.

மற்றவர்களுக்கு விடுதி தருவதை வேறெங்கும் வாங்க முடியாது. நோன்பு மாதத்தில் பொழுது புலரும் முன் சஹூர் உணவுக்கு எழும் அறைத்தோழன், மாலையில் ரமலான் சந்தையிலிருந்து உங்களுக்கும் சேர்த்துப் பலகாரம் வாங்கி வருவான். ஹரி ராயா என்னும் நோன்புப் பெருநாளுக்கு ஊருக்கே கூட்டிப்போகிறவர்கள் உண்டு. வெளிநாட்டு இளங்கலை மாணவர்களுக்கு மலாய்ப் பாடம் கட்டாயம். புத்தகத்தை மட்டும் நம்பியவர்கள் தடுமாறிய இடத்தில், விடுதிப் பிள்ளைகள் சாப்பாட்டு வரிசையிலேயே அதைக் கற்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் முக்கியமாக, மலேசியத் தமிழ் மாணவர்களை நெருங்கிப் பழகக் கிடைப்பது விடுதியில்தான். கெடா, பேராக் மாநிலங்களிலிருந்து வரும் பிள்ளைகள், பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள். மேசையின் ஒரு பக்கம் மலாய், மறுபக்கம் தமிழ், ஆசிரியரிடம் ஆங்கிலம் என்று இயல்பாக மாறிக்கொள்வார்கள். இந்த நாட்டில் தமிழராக இருந்துகொண்டே எல்லோரோடும் வாழ்வது எப்படி என்று காட்ட அவர்களைவிடத் தகுந்தவர் யாருமில்லை. வளாகத்தில் தமிழ் அந்நியமும் அல்ல. 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடுவதற்கு முன்னின்று உழைத்த தனிநாயகம் அடிகள் தலைவராக இருந்த இந்திய ஆய்வியல் துறை மலாயாப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது.

கொண்டோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். நீச்சல் குளம், குளிர்சாதனம், சொந்தச் சமையலறை எல்லாம் உண்மை. ஆனால் நுழையும் செலவைப் பாருங்கள். பொதுவாக இரண்டு மாத வாடகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், இரண்டையும் முன்பணமாகக் கேட்பார்கள், அதோடு முதல் மாத வாடகை. அறை வாடகை 800 ரிங்கிட் என்றால் சாவி கைக்கு வரும் முன் 2,800 ரிங்கிட் போய்விடும். விளம்பரங்களில் "சீனருக்கு மட்டும்", "மலாய்க்காரருக்கு மட்டும்" என்ற வரிகள் இன்னும் வருகின்றன. தொலைபேசியில் பெயரைச் சொன்னதும் அறை போய்விட்டது என்ற பதிலும் வரும். வீட்டை விட்டு வந்த முதல் வாரத்திலேயே பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இது நேர்வதை என்னால் பொறுக்க முடியவில்லை. கடைசியில் நம்மூர்ப் பிள்ளைகளே ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வீட்டை எடுப்பார்கள், அங்கேயும் தமிழ் மட்டும்தான் ஒலிக்கும். இரண்டாம் வருடத்தில், விடுதியில் பழகிய மலாய், சீன நண்பர்களோடு சேர்ந்து எடுத்தால் கதையே வேறு. வீட்டுக்காரரிடம் பேச உள்ளூர்க்காரர் ஒருவர் கூட இருப்பார். சமையலறையில் பன்றி இறைச்சி கூடாது, மாட்டிறைச்சிக்குத் தனிப் பாத்திரம் என்று முதல் நாளே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்ட பிறகு ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா என்று கேட்டுப் பாருங்கள்.

விடுதிக்குச் சேர்க்கைக் கடிதம் வந்த கையோடு விண்ணப்பியுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பும். நீண்ட விடுமுறையில் அறையைக் காலி செய்யச் சொல்வார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். அப்படிச் சொன்னால், அந்த வாரங்களுக்கு ஜன்னலுள்ள ஓர் அறையைப் பிரிக்பீல்ட்ஸில் மாத வாடகைக்குப் பிடித்துக்கொள்ளலாம்.