நேட்டோ தலைமையகம்: பழையதா, புதியதா?

1966-இல் இனி இங்கே இடமில்லை என்று பிரான்ஸ் கையை விரித்ததும், பாரிஸிலிருந்து மூட்டை கட்டிய, மேற்கு நாடுகளின் ராணுவக் கூட்டணியான நேட்டோவுக்கு 1967-இல் பிரஸ்ஸல்ஸில் அவசர அவசரமாக எழும்பியதுதான் பழைய தலைமையகம். தற்காலிகம் என்றார்கள், அரை நூற்றாண்டு ஓடிவிட்டது! தாழ்வான கட்டடங்கள், முடிவே இல்லாத நடைக்கூடங்கள். ஆள் கூடக்கூட ஒட்டுப்போட்டு வளர்ந்த இடம்.

2018-இல் சாலையைத் தாண்டி எதிர்ப்புறம் குடியேறிய புதியது வேறு ரகம். கோத்த விரல்கள்போல எட்டுக் கண்ணாடிச் சிறகுகள், நடுவே நெடிய பொதுக்கூடம். மழைநீர் சேகரிப்பு, புவிவெப்ப வசதியும் உண்டு. செலவு நூறு கோடி யூரோவுக்கு மேல், கொஞ்சம் ஆடம்பரம்தான்.

அழகு, வெளிச்சம், இடவசதி மூன்றிலும் புதியதே கெட்டி. ஆனால் சில மாதங்களிலேயே எழுப்பிய பழையது காலி செய்யும்வரை வேலைக்கு உதவியது. சிக்கனத்தில் என் ஓட்டு அதற்கே.