கிளிநொச்சியில் கோச்சி (ரயில்) கடவைகள்

இந்த முறை ஊருக்குப் போனபோது கொழும்பு கோட்டையில் யாழ்தேவி ரயில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்கினேன். சேவை பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓமந்தைக்கு வடக்கே இந்தியாவின் இர்கொன் நிறுவனம் புதிதாகப் போட்ட பாதையில் வண்டி நல்ல வேகமாகவே ஓடுகிறது. எனக்குப் பயம் தந்தது அந்த வேகமும் பாதையைக் குறுக்கே வெட்டுகிற ஒழுங்கைகளும்தான்.

அக்கா வீட்டுக்கு ஏ9 வீதியிலிருந்து திரும்பி, தண்டவாளத்தைத் தாண்டிப் போக வேண்டும். வீதிக்கும் பாதைக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. லொறிகளுக்கு நடுவே திரும்புகிறவரின் கவனமெல்லாம் பின்னால் வரும் வாகனத்தில் இருக்கும்; திரும்பி முடிக்கும்போது முன்னால் தண்டவாளம். கடவையில் ஒரு தடி, ஒரு தகரக் கொட்டில், ஒரு தம்பி. மணியும் இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை. அடுத்த கடவையில் நிற்பவர் கைபேசியில் சொன்னால் இவர் தடியை இறக்குவார். "போனுக்குச் சிக்னல் இல்லாட்டி என்ன செய்வீர்?" என்று கேட்டேன். "சத்தத்தைக் கேட்டுத்தான் அண்ணை" என்றார்.

வடக்கில் இந்த வேலைக்குப் பொலிஸ் மூலம் ஆட்களை எடுத்து, நாளுக்கு 250 ரூபாய் கொடுத்தார்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் பலமுறை போராடியது செய்திகளில் வந்தது. ஒரு பஸ் நிறைய சனத்தின் உயிர் யார் கையில் இருக்கிறதோ, அவருக்குக் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான். 2005 ஏப்ரலில் அலவ்வைக்கு அருகே யாங்கல்மோதரக் கடவையில் பஸ் மீது ரயில் மோதி 35 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகும் இப்படியா?

எங்கள் பக்கத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1990 யூனில் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில்தான் கிளிநொச்சிக்குத் திரும்பியது. இடையில் இருந்தது, தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர் (பதுங்குகுழி) கட்டப் போன போர்க்காலம். கோச்சியையே பார்க்காமல் ஒரு தலைமுறை வளர்ந்து, மோட்டார்சைக்கிள் ஓட்டவும் பழகிவிட்டது. பெரிய பொருள் ஒன்று தூரத்தில் வரும்போது உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவது போலத்தான் கண்ணுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து ரயிலோடு வளர்ந்தவர்களே அதில் ஏமாறுகிறார்கள்.

நான் வசிக்கும் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இது நன்றாகவே தெரியும். 2007 யூன் 5 அன்று கெராங் ஊருக்குப் பக்கத்தில் பயணிகள் ரயில் மீது லொறி மோதி 11 பேர் இறந்தார்கள். அந்தக் கடவையில் மணி இருந்தது, விளக்கு இருந்தது, தடி மட்டும் இல்லை. 2015இல் மாநில அரசு மெல்பேர்னின் கடவைகளை ஒவ்வொன்றாக அகற்றத் தொடங்கியது. 2030க்குள் 110 என்பது இலக்கு. எங்கள் ஆட்கள் நிறைய இருக்கிற கிளேட்டனில் 2018இலிருந்து ரயில் மேலே போகிறது.

அவ்வளவு பணம் இலங்கையில் இல்லை, சரி. ஆனால் எல்லாவற்றுக்கும் பாலம் தேவையில்லை. இந்தியா அகல ரயில் பாதைகளில் ஆளில்லாக் கடவைகளை 2019 ஜனவரிக்குள் ஒழித்தது. ஆள் இருந்தால் மட்டும் போதாது என்பதைக் கடலூர் செம்மங்குப்பம் காட்டியது: 2025 யூலை 8 அன்று பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். அந்தக் கேட்டில் இன்டர்லாக்கிங் இல்லை. இன்டர்லாக்கிங் என்றால், கேட் மூடினால்தான் ரயில் போகச் சிக்னல் கிடைக்கும் என்ற இணைப்பு. அது இருந்தால் ஒருவர் மறந்தாலும் ரயில் நிற்கும். பெரிய கடவைகளுக்காவது இதைக் கேட்டு நாங்கள் மனுக் கொடுக்க வேண்டும்.

சர்வதேச ரயில்வே ஒன்றியம் 2009இல் தொடங்கி வைத்த கடவை விழிப்புணர்வு நாள் ஆண்டுதோறும் யூனில் வருகிறது. பாதையோரப் பள்ளிக்கூடங்களில் அன்றைக்கு ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு பேசினால் செலவே இல்லை. அமெரிக்காவில் கடவைகளில் நீலப் பலகை வைத்திருக்கிறார்கள். கடவை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் இருக்கும். வாகனம் பாதையில் இறுகிப்போனால் அழைக்கலாம், ரயிலை நிறுத்துவார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் பலகைச் செலவை ஏற்கலாம். அந்த அழைப்பை எடுத்து உடனே ரயிலை நிறுத்தும் ஏற்பாட்டை மட்டும் ரயில்வே திணைக்களம்தான் செய்ய வேண்டும்.