ரிஸ்ட் ஸ்ட்ராப்பா, கேபினெட்டைத் தொட்டால் போதுமா?

நம் உடம்பில் ஏறி நிற்கும் நிலைமின்சாரம் பட்டால் கணினியின் சிப்புகள் கெட்டுப்போகலாம். அதைத் தவிர்க்க, பத்து வருடமாக கணினி கேபினெட்டைத் திறந்ததும் அதன் தகரத்தை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையில் இறங்கிய ஆள் நான். இப்போது பெரிய வேலை என்றால் ரிஸ்ட் ஸ்ட்ராப் (மணிக்கட்டில் கட்டி, கம்பியால் கேபினெட்டோடு இணைக்கும் பட்டை) இல்லாமல் கை வைப்பதில்லை. மாற்றியது செல்லூரில் அக்கா வீட்டுப் பழைய கணினி.

வீட்டில் ரிப்பேர் பார்ப்பவர்கள் மூன்று விதம். பிளக்கைச் சுவரிலேயே விட்டு, சுவிட்சை மட்டும் அணைத்து, எர்த் இருக்கிறது என்று நம்பி கேபினெட்டைத் தொடுபவர்கள் ஒரு விதம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடுபவர்கள் இன்னொரு விதம். பிளக்கையும் பிடுங்கி, ஸ்ட்ராப்பையும் கேபினெட்டில் மாட்டுபவர்கள் மூன்றாவது. மோதிரம், காப்பைக் கழற்றுவது, ஈரக்கையோடு தொடாமல் இருப்பது எல்லாம் மூவருக்கும் பொது. கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் பிரிக்க வேண்டாம். அதனுள் இருக்கும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய உடனே அது வடிந்துவிடாது.

முதல் வழியைச் சொல்லித்தருபவர்கள் நிறைய. எர்த் ஒழுங்காக உள்ள வீட்டில் அதில் தப்பில்லை. நம் பழைய வீடுகளில்தான் வம்பு. அக்கா வீட்டில் சுவிட்சை அணைத்துவிட்டு கேபினெட்டில் கை வைத்தேன், சுர்ரென்றது. "அது எப்பவும் லேசா அடிக்கும்டா தம்பி, செருப்பைப் போட்டுக்கிட்டா சரியாப் போயிரும்" என்றாள். டெஸ்டரை வைத்தால் எரிகிறது. எலக்ட்ரீசியன் வந்து சாக்கெட்டைப் பிரித்தபோது மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பியே இல்லை. போதாததற்கு, சுவிட்சை மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் கொடுக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரலில் கொடுத்திருந்தார்கள். அணைத்தாலும் பேஸ் எஸ்எம்பிஎஸ் வரை வந்து நிற்கும். அதன் வடிகட்டியில் இருக்கும் சிறு கெபாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கேபினெட்டுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். இல்லாததால் என் கையைத் தேடி வந்தது.

சுவிட்ச் ஒழுங்காகவே இருந்தாலும், பிளக் மாட்டியிருக்கையில் தெரியாமல் அதைத் தட்டிவிட்டால் போதும். கணினி ஓடாவிட்டாலும் மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை (காத்திருப்பு மின்சாரம்) வந்துவிடும். அந்த நேரத்தில் ராமை (நினைவகப் பலகை) பிடுங்கினால் போர்டு போகலாம். அதனால் முதல் வழியை நான் ஒதுக்கிவிட்டேன். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, போர்டில் விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும்.

மீதி இரண்டில் எது? பிளக்கைப் பிடுங்கிய பிறகு எர்த் ஏது, அப்புறம் ஸ்ட்ராப் எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். சிப்பைக் கெடுப்பது நம் உடம்புக்கும் அதற்கும் இடையிலான வோல்டேஜ் வித்தியாசம். இரண்டையும் சமமாக வைத்திருந்தால் போதும். தொடுவதும் அதைத்தான் செய்கிறது, ஆனால் தொடுகிற நேரத்துக்கு மட்டும். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் உடம்பில் நிலைமின்சாரம் மறுபடி ஏறிவிடும். நமக்குச் சுருக்கென்று தெரியவே ஏறக்குறைய 3,000 வோல்ட் வேண்டும். 100 வோல்ட்டுக்குள் கெட்டுப்போகும் சிப்புகளும் உண்டு.

ஸ்ட்ராப்பின் கம்பியில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும். தப்பித்தவறி 230 வோல்ட் பட்டாலும் கால் மில்லிஆம்பியருக்கு மேல் அது வழியாக உடம்பில் ஓடாது. கிளிப்பைப் பெயின்ட் அடித்த இடத்தில் மாட்டினால் பயனில்லை, வெறும் தகரத்தில் மாட்ட வேண்டும். வேலை முடிந்து பிளக்கை மாட்டும் முன் கழற்றிவிட வேண்டும். கம்பியே இல்லாத ஸ்ட்ராப் என்று ஒன்று விற்கிறார்கள். மின்சாரம் போக வழியில்லாதபோது அது வெறும் வளையல்தான்.

தொட்டுத் தொட்டு வேலை பார்த்த பத்து வருடத்தில் எனக்கு ஒரு ராம்கூடப் போனதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்து ஈரக்காற்றில் இந்தத் தொல்லை குறைவு. ஆடிக்காற்றிலும் ஏசி அறையிலும்தான் கூடுதல். அவசரத்துக்கு ஒரு ராமை மாற்ற, பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடிக்கடி தொட்டுக்கொண்டால் போதும் என்றுதான் இன்றும் சொல்வேன். பிராசசர், மதர்போர்டு என்று ஒரு மணிநேர வேலையாக இருந்தால் ஸ்ட்ராப்.

லேப்டாப் இதுவரை இரண்டுதான் பிரித்திருக்கிறேன். இரண்டிலும் கிளிப் மாட்ட இடம் தேடியே பாதி நேரம் போனது. கடைசியில் பேட்டரி கனெக்டரை முதலில் கழற்றிவிட்டு, ஃபேன் பக்கத்துத் தகட்டைத் தொட்டுத் தொட்டுத்தான் முடித்தேன்.