ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைக்கு எந்த ஆசிரியர் படிப்பு?

பிளஸ் டூ ரிசல்ட் வருவதும் மீன்பிடித் தடைக்காலமும் நம் கரையில் ஒரே நேரத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். கையில் காசு புரளாத அந்த நாட்களில்தான் "டீச்சருக்குப் படிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைக்கு ஒரு வழி பார்க்க வேண்டியிருக்கிறது. வழி மூன்று: டி.எல்.எட். என்கிற இரண்டாண்டுத் தொடக்கக் கல்விப் பட்டயம், டிகிரி முடித்து பி.எட்., பிளஸ் டூவுக்குப் பிறகு நேரே டிகிரியும் பி.எட்.டும் சேர்ந்த நான்காண்டு ஒருங்கிணைந்த படிப்பு.

முதலில் டி.எல்.எட். ஊரில் இன்னமும் 'டீச்சர் டிரெயினிங்' என்றே சொல்கிறார்கள். இதற்கு மவுசு போய்விட்டது. கடந்த பல ஆண்டுகளில் தமிழ்நாட்டில் எத்தனையோ தனியார் பயிற்சிப் பள்ளிகள் மூடிவிட்டன. ஆனால் ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை முக்கியமாக வைத்து இரண்டு ஆண்டுகள் படிக்கிற படிப்பு இது. நம் கடலோரத் தொடக்கப்பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். பல இடங்களில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஆசிரியர் இரண்டு பேர். ஒரே அறையில் ஒன்றாம் வகுப்பு எழுத்துக் கூட்டும், மூன்றாம் வகுப்பு கழித்தல் போடும்.

அம்மாவோடு மீன் விற்க உட்காரும் பிள்ளைக்கு, கூறு ஐம்பது ரூபாய் என்றால் நாலு கூறு இருநூறு என்று வாய் தானாகச் சொல்லும். அதையே நோட்டில் 50 × 4 என்று எழுதிக் கொடுத்தால் முழிக்கும். கணக்கு தெரியாத பிள்ளை இல்லை இது. எழுத்துக் கணக்குக்கு இன்னும் வந்து சேராத பிள்ளை. தரையில் சிப்பிகளைக் கூறு கூறாக வைத்து, பக்கத்திலேயே சாக்பீஸால் எண்ணை எழுதிக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். இந்த மாதிரி வேலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். இயற்பியல் பட்டம் இதைக் கற்றுத் தராது.

உச்ச நீதிமன்றமும் 2023 ஆகஸ்டில் இதையே சொன்னது. பி.எட். முடித்தவர்களும் தொடக்க வகுப்பு எடுக்கலாம் என்று 2018-இல் வந்த அறிவிப்பை அது ரத்து செய்தது. எனக்கு அந்தத் தீர்ப்பு முழுச் சம்மதம்.

பி.எட். தாழ்ந்தது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து மேலே கணக்கோ அறிவியலோ எடுக்க ஆசை என்றால் அதுதான் பாதை. 2015 முதல் அது இரண்டாண்டு. டிகிரியோடு சேர்த்தால் ஐந்து வருஷம், வீட்டுக்கு அது பெரிய பாரம். இன்னொரு கவலை, வகுப்புக்கு வராமலே ரெக்கார்டை எழுதிக் கொடுத்துப் பட்டம் வாங்கலாம் என்று ஆசை காட்டுகிற இடங்கள். அப்படி வாங்கிய பட்டத்தோடு தொண்டியிலோ ஏர்வாடியிலோ நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கப்போகிறவரையும், அந்தப் பிள்ளைகளையும் நினைத்தால் மனசு பதறுகிறது.

நான்காண்டுப் படிப்பு கணக்கில் நல்லது. ஒரு வருஷம் மிச்சம். பாடமும் கற்பித்தலும் முதல் வருஷத்திலிருந்தே கூடவே வரும். 2030-க்குள் ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகுதி இதுதான் என்கிறது 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்காமல் 2025-இல் தன் கல்விக் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. ஆகவே இங்கே எது எப்போது நடைமுறைக்கு வரும் என்பதை நம்பி இன்றே முடிவெடுக்க வேண்டாம். இப்போதைக்குத் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு எழுதி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், மைசூர் மண்டலக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களுக்குப் போக வேண்டும். பாம்பனிலிருந்து ஒரு பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்ப எத்தனை வீடு சம்மதிக்கும்? அனுப்ப முடிந்தவர்கள் தயங்காமல் அனுப்புங்கள்.

எதைப் படித்தாலும் 'டெட்' என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு உண்டு. தாள் ஒன்று தொடக்க வகுப்புக்கு, தாள் இரண்டு ஆறு முதல் எட்டுக்கு. அதற்கு மேல் அரசு வேலைக்குத் தனிப் போட்டித் தேர்வும் இருக்கிறது. பணியில் இருப்பவர்களுக்கும் விலக்கில்லை. ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் டெட் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, என் தேர்வு? சின்னப் பிள்ளைகள்மேல் ஆசை உள்ளவர், வீட்டு நிலைமையும் இறுக்கம் என்றால், டி.எல்.எட். நம் மாவட்டத்துக்கு மஞ்சூரில் அரசு நிறுவனம் இருக்கிறது, கட்டணம் மிகக் குறைவு. அப்புறம் டிகிரியைத் தொலைநிலையில் முடிக்கலாம். பி.எட்.டைத் தொலைநிலையில் படிக்க விடுவதே, ஏற்கெனவே நேரில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களைத்தான். ஆக இந்தக் கதவு பின்னாலும் திறந்தே இருக்கிறது.

எதில் சேர்ந்தாலும் விண்ணப்பம் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: கற்பித்தல் பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புவீர்கள்? டவுன் பள்ளிகளை மட்டும் சொன்னால், மோர்ப்பண்ணை, வாலிநோக்கம் மாதிரி கரையோரப் பள்ளியில் சில வாரமாவது போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.