தெரிந்த சொற்களுக்கு ஓர் அகராதி

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரியை (பத்தாம் பதிப்பு, 2020) பொருள் தெரியாத சொற்களுக்காக வாங்குவோரே மிகுதி. நான் அதைப் பெரும்பாலும் திறப்பது பொருள் நன்றாகத் தெரிந்த சொற்களுக்காகத்தான். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி சக ஆசிரியர்களுடன் தொகுத்து, 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதியின் வழிவந்தது இது. பிறமொழிக்காரர் எங்கே இடறுவார் என்பதை அறிந்தவர்கள் செய்த வேலை என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

பெயர்ச்சொற்களை ஒட்டிச் சதுர அடைப்புக்குள் நிற்கும் 'சி', 'யு' என்ற எழுத்துகள் முறையே எண்ணத்தக்கவை, எண்ணத்தகாதவை என்பதைக் குறிக்கின்றன. அறிவுரைகள், தகவல்கள், கருவிகள் என்று தாராளமாகக் 'கள்' சேர்த்துப் பழகிய நமக்கு, அட்வைஸ், இன்ஃபர்மேஷன், எக்விப்மென்ட் மூன்றும் 'யு' என்பதை ஏற்கவே சில நாள் ஆகும். (ஃபர்னிச்சரும் அவ்வாறே, நம் கடைத்தெருப் பெயர்ப்பலகைகளை எந்த அகராதியாலும் திருத்த இயலாது.) ஒரே சொல்லானாலும் பொருளுக்கேற்பக் குறி மாறும்: சிக்கன் முற்றத்தில் மேயும்வரை 'சி', குழம்பில் விழுந்தபின் 'யு'.

பெயரடைகளுக்குத் தந்திருக்கும் குறிப்புகளே எனக்கு அதிகம் பயன்பட்டவை. பயந்த சிறுவன் என்று தமிழில் இயல்பாகச் சொல்லிவிடுகிறோம். அஃப்ரெய்ட் என்ற சொல்லோ பெயருக்கு முன் வராது என்று அகராதி தடுக்கிறது, ஆகவே அங்கே ஃப்ரைட்டண்ட் என்றே எழுத வேண்டும். தாமதமாக வந்த முதல்வரைக் குறிக்க நினைத்து, 'த லேட் பிரின்சிபால்' என்று ஒருமுறை அறிக்கையில் எழுதிவிட்டேன். அழைப்பிதழ்களில் மறைந்த பெரியவர்களின் பெயருக்கு முன் நாம் இடும் அதே 'லேட்' அது என்பது, அவரே கையெழுத்திட வந்தபோதுதான் உறைத்தது. இறந்தவர் என்ற பொருளில் அச்சொல் பெயருக்கு முன் மட்டுமே வரும் என்பதை அகராதி தெளிவாகக் குறித்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

பல பெயரடைகள் தொடர்ந்து வந்தால் எது முந்தும் என்பதற்குச் சொல்வாரியான பதிவுகளில் விடை தேடுவது கடினம். 'பெரிய பழைய சிவப்பு மரப்பெட்டி' என்ற தமிழ் வரிசையே ஆங்கிலத்துக்கும் பொருந்துவதால், அங்கே பெரும்பாலும் தப்பித்துக்கொள்கிறோம். அச்செழுத்து கண்ணை வருத்துமானால் இணையப் பதிப்பு இலவசமாகவே கிடைக்கிறது. அதில் 'சி', 'யு' என்று சுருக்காமல் முழுச் சொல்லாகவே போட்டிருக்கிறார்கள்.